மழைநீர்க் குழியும் கூடுதல் மாடியும்



செம்பட்டியைச் சுற்றி வயல்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன. உங்களில் பலர் வீடு கட்டுகிறீர்கள், சிலர் இன்ஜினியர்கள். உங்களுக்காக இந்தச் சின்ன வரலாறு.

2003 நினைவிருக்கிறதா? கடும் வறட்சி. அந்த ஜூலையில் முதல்வர் ஜெயலலிதாவின் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பழையதோ புதியதோ, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆகஸ்ட் 31 கெடு, பிறகு நீட்டித்தார்கள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். பலன் இருந்தது, அடுத்து வந்த நல்ல மழைகளில் சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. மழை பொய்த்தது முதல் காரணம். குழி தோண்டியவர்களில் பலர் அதைப் பிறகு தூர்வாரவில்லை என்பதும் உண்மை.

கட்டாயம் ஒரு வழி என்றால், சலுகை இன்னொரு வழி. ஒரு மனையில் அதன் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. நொய்டாவில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டி, ‘கிரிஹா’ என்னும் பசுமைக் கட்டடத் தரச்சான்றில் 4 அல்லது 5 நட்சத்திரம் வாங்கினால், 5 சதவீதம் கூடுதலாகக் கட்டக் கட்டணமில்லாமல் அனுமதி தரும் விதி வந்தது. தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துபவருக்கு அரசு தரும் பரிசு அது. அரசுக்குக் கைக்காசு செலவில்லை.

இந்த யோசனை பழையது. நியூயார்க் நகரம் 1961-லேயே, மக்கள் உட்காரத் திறந்தவெளி விடும் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு கொடுத்தது. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 320 கட்டடங்களில் இருந்த 503 இடங்களைப் பார்த்தது. பல இடங்கள் யாருக்கும் பயன்படாமல் கிடந்தன. சிலவற்றில் பொதுமக்களை உள்ளேயே விடவில்லை. கூடுதல் மாடி மட்டும் அப்படியே நின்றது.

இரண்டு வரலாறும் ஒன்றைத்தான் சொல்கின்றன. மிரட்டினாலும் சரி, பரிசு கொடுத்தாலும் சரி, கட்டி முடித்த நாளோடு கணக்கை மூடினால் பயனில்லை. பசுமைக்காகக் கூடுதல் மாடி கொடுத்தால், பத்தாண்டு கழித்தும் அந்தப் பசுமை இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கு உயிர் தருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் வீட்டு மழைநீர்க் குழியைத் திறந்து பாருங்கள். ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். மொட்டைமாடிக் குழாய் குழியில் போய் விழுகிறதா, தெருவில் விழுகிறதா என்று கவனியுங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள்.

நலமுடன் இருங்கள்.