புனர்பஹால், புனர்நியோக்: கொல்கத்தாவில் இரு சொற்கள்

பணியிலிருந்து விலகியவரை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கு வங்காளத்தில் புனர்பஹால், புனர்நியோக் என இரு சொற்கள் உள்ளன. 'பஹால்' பாரசீக வழி வந்தது. 'இருந்த நிலையில்' என்பது அதன் பொருள். 'நியோக்' வடமொழி நியோகமே. முன்னது இடையில் நேர்ந்த முறிவை அழிக்கிறது. பின்னது முறிவை ஏற்று, புதிதாக ஆணையிடுகிறது. தமிழில் 'மீள்', 'மறு' ஆகிய முன்னொட்டுகள் இவ்வேறுபாட்டைத் தாங்க வல்லவை. மீள்வது பழைய இடத்திற்குத் திரும்புவது. மறுநாளோ வேறொரு நாள். ஆயினும் நம் அலுவலக வழக்கு எல்லாவற்றையும் 'மறுநியமனம்' என்றே எழுதிவிடுகிறது. இது சொல் வறுமையன்று, அசட்டை.

சட்டம் இவ்வளவு அசட்டையாக இருப்பதில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட 25எச் பிரிவு, ஆட்குறைப்புக்கு உள்ளானோருக்குப் புதிய ஆட்சேர்ப்பில் முன்னுரிமை மட்டுமே தந்தது. தவறான பணிநீக்கத்தை ரத்துசெய்து பழைய பணியிலேயே அமர்த்துவது வேறு. அங்கே பணித்தொடர்ச்சியும் நிலுவை ஊதியமும் கேள்வியாகின்றன.

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சோனாலி சக்ரவர்த்தி பானர்ஜியின் வழக்கும் ஒரு சொல்லைச் சுற்றியதே. அவருடைய நான்காண்டுப் பதவிக்காலம் 2021 ஆகஸ்டில் முடிந்தபோது, மாநில அரசு தானே அவரை மறுநியமனம் செய்தது. 1979ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, அதாவது இடர்ப்பாடு நீக்கும் அதிகாரம், அதற்குத் துணையாகக் காட்டப்பட்டது. நியமிப்பவர் வேந்தர், மறுநியமனம் செய்பவர் அரசு என்ற இந்த வாசிப்பை உயர்நீதிமன்றமும், 2022 அக்டோபர் 11இல் உச்சநீதிமன்றமும் ஏற்கவில்லை. முன்னொட்டு மாறியதால் வினையின் எழுவாய் மாறிவிடாது! 2023இல் கண்ணூர் வழக்கு எதிர்ப்புறத்தைக் காட்டியது: மறுநியமனத்திற்குப் புது நியமனத்தின் தேர்வுமுறையும் வயதுவரம்பும் தேவையில்லை என்று கூறிய உச்சநீதிமன்றம், மாநில அரசின் தலையீட்டைக் காரணங்காட்டி அந்நியமனத்தை ரத்துசெய்தது.

பேரளவில் இச்சொற்கள் மோதியது 2025இல். ஏப்ரல் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம், 2016ஆம் ஆண்டு ஆள்தேர்வில் நடந்த முறைகேடுகளுக்காக மேற்கு வங்கப் பள்ளிகளின் ஏறத்தாழ 25,753 ஆசிரியர், ஊழியர் நியமனங்களை ரத்துசெய்தது. முறைகேட்டில் தொடர்பு காணப்படாதோரும் பணியிழந்தனர். அவருள் முன்பு வேறு அரசுத்துறையில் இருந்தோர் அங்கே திரும்ப விண்ணப்பிக்கலாம். இடைக்காலம் பணிமுறிவாகக் கருதப்படாது என்றது தீர்ப்பு. சொற்பொருளின்படி பஹால் ஆனவர்கள் இவர்களே. மற்றோருக்கு வாய்த்தது நியோக். ஏப்ரல் 17ஆம் நாள் ஆணைப்படி ஆசிரியர்கள் ஆண்டிறுதிவரை தற்காலிகமாகத் தொடரலாயினர். எழுத்தர்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் அதுவுமில்லை.

மறுபடியும் தேர்வெழுத மாட்டோம் என்று பலர் மே மாதம் விகாஸ் பவன் முன் போராடினர், தடியடி நடந்தது. செப்டம்பர் 7, 14 தேதிகளில் தேர்வும் நடந்தது. பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள், தம்மிடம் படித்தவர்களாகவும் இருக்கக்கூடிய புதியவர்களோடு அமர்ந்து எழுதினர். புதிய விதிகள் அவர்களது முந்தைய கற்பித்தல் அனுபவத்திற்கு ஒதுக்கியது 10 மதிப்பெண்.