2004 பாஸ்டன் ரெட் சாக்ஸ் பருவம்

2004 பாஸ்டன் ரெட் சாக்ஸ் பருவம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பாஸ்டன் நகரின் தொழில்முறை அடிபந்தாட்ட அணியான ரெட் சாக்ஸ், 86 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடரை வென்ற ஆட்டப் பருவம் ஆகும். பேஸ்பால் விளையாட்டே தமிழில் அடிபந்தாட்டம் எனப்படுகிறது. உலகத் தொடர் என்று பெயர் இருப்பினும், இதற்காகப் போட்டியிடும் அணிகள் அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளை மட்டுமே சேர்ந்தவை.

பின்னணி

1918 வரை ஐந்து முறை வாகை சூடிய ரெட் சாக்ஸ், தன் சிறந்த ஆட்டக்காரரான பேப் ரூத்தை நியூ யார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது. இவ்விற்பனை 1920 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் யாங்கீஸ் 26 முறை உலகத் தொடரை வென்றுவிட, ரெட் சாக்ஸ் 1946, 1967, 1975, 1986 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை எட்டியும் நான்கு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. இரசிகர்கள் இதனை ரூத்தின் பட்டப்பெயரால் 'பாம்பினோவின் சாபம்' என்றனர். கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக் களமிறக்க 1959 வரை காலம் தாழ்த்தியது போன்ற நிருவாகத் தவறுகள், சாபத்தைவிடப் பொருத்தமான விளக்கமாகும்.

வழமையான பருவம்

பயிற்சியாளர் டெர்ரி பிராங்கோனாவுக்கு இது பாஸ்டனில் முதல் ஆண்டு. 162 ஆட்டங்களில் 98 வெற்றிகளுடன் யாங்கீசுக்கு அடுத்த இடத்தைப் பெற்ற அணி, சிறந்த இரண்டாமிட அணிக்குரிய வாய்ப்பின் மூலம் அடுத்த சுற்றுகளுக்குள் நுழைந்தது.

யாங்கீசுடனான தொடர்

ஏழு ஆட்டங்கள் கொண்ட அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் ரெட் சாக்ஸ் முதல் மூன்றிலும் தோற்றது. மூன்றாவதில் 19-8 என்ற படுதோல்வி. அக்டோபர் 17 அன்று தொடங்கிய நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்சில் யாங்கீஸ் 4-3 என முன்னிலையில் இருந்தது. பந்தெறிந்தவர் மரியானோ ரிவேரா. முதல் தளத்தில் மாற்று ஓட்டக்காரராக டேவ் ராபர்ட்ஸ் நிறுத்தப்பட்டார். எறிவாளர் பந்தை வீசும் கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது தளத்திருட்டு எனப்படும். ராபர்ட்ஸ் அதற்காகவே வந்தவர் என்பது அரங்கில் அனைவருக்கும் தெரியும். ரிவேரா அவரைத் தடுக்க மூன்று முறை முதல் தளத்துக்குப் பந்தை எறிந்தார். அடுத்த எறியிலேயே ராபர்ட்ஸ் ஓடி, மயிரிழையில் இரண்டாம் தளத்தை அடைந்தார். பில் மியூலரின் அடியில் அவர் ஓடி முடிக்க, ஆட்டம் சமநிலை ஆனது. 12ஆவது இன்னிங்சில் டேவிட் ஓர்டிசின் ஹோம் ரன் 6-4 என வெற்றி தந்தது. அத்தொடரில் ராபர்ட்ஸ் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தை ரெட் சாக்ஸ் 14 இன்னிங்சுகளில் வென்றது. ஆறாவதில் கர்ட் சில்லிங், கணுக்கால் தசைநாருக்குத் தையல் போட்டுக்கொண்டு, காலுறையில் குருதி கசியப் பந்தெறிந்தார். ஏழாவதை 10-3 என வென்ற ரெட் சாக்ஸ், முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்றபின் ஏழு ஆட்டத் தொடரை வென்ற முதல் மேஜர் லீக் அணியானது.

உலகத் தொடர்

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை ரெட் சாக்ஸ் 4-0 என வென்றது. நான்கு ஆட்டங்களிலும் ஒரு கட்டத்தில்கூட அது பின்தங்கவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரராக மேனி ராமிரெஸ் தேர்வானார். வெற்றி கிட்டிய அக்டோபர் 27 இரவில் முழு சந்திர கிரகணமும் நிகழ்ந்தது.

இதன் பின்னர் அணி 2007, 2013, 2018 ஆகிய ஆண்டுகளிலும் உலகத் தொடரை வென்றது. 2004 வெற்றி செயின்ட் லூயிசில் கிட்டியதால், சொந்த அரங்கான பென்வே பார்க்கில் வாகை சூடுவதைக் காணப் பாஸ்டன் இரசிகர்கள் 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.