விண்வெளியில் ஆசிரியர் திட்டம்

பள்ளி ஆசிரியர் ஒருவரை விண்ணோடத்தில் அனுப்பி, பூமியைச் சுற்றியபடியே வகுப்பு எடுக்கச் செய்வதற்காக அமெரிக்காவின் நாசா 1984 இல் தொடங்கிய திட்டம். 1986 இல் சேலஞ்சர் விண்ணோட விபத்தோடு நின்றுபோய், 1990 இல் முறைப்படி கைவிடப்பட்டது. ஆனால் அதற்காக எழுதி வைத்த பாடங்கள் கைவிடப்படவில்லை. 32 ஆண்டுகள் கழித்து வேறு இரண்டு ஆசிரியர்கள் அவற்றை விண்வெளியிலேயே நடத்தினார்கள். ஆகவே இந்தத் திட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அந்தப் பாடங்களின் வரலாறுதான்.

பள்ளிக்கூடத்தையும் விண்வெளியையும் இணைக்கும் முயற்சி இந்தத் திட்டத்துக்கு வெளியேயும் நடந்திருக்கிறது. 1973 இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அராபெல்லா, அனிட்டா என்று பெயரிட்ட இரண்டு சிலந்திகள் போயின. எடையில்லாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமா என்று கேட்டவர் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளி மாணவி ஜூடித் மைல்ஸ். மாணவர்கள் அனுப்பிய 3,400க்கும் மேற்பட்ட யோசனைகளில் தேர்வான 25இல் அவருடையதும் ஒன்று. முதலில் தாறுமாறாக இழை ஓட்டிய அராபெல்லா, சில நாட்களிலேயே ஒழுங்கான வலையைப் பின்னிவிட்டது. 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் யோ-யோ, பம்பரம், சுருள்கம்பி போன்ற விளையாட்டுச் சாமான்கள் ஏறின. பூமியில் படியிறங்கிக் காட்டும் சுருள்கம்பி அங்கே ஓர் அடிகூட நடக்க மறுத்தது. கீழே இழுக்க ஒன்று இருந்தால்தானே நடை?

விண்ணோடத்தில் பறக்கப்போகும் முதல் சாதாரணக் குடிமகன் ஓர் ஆசிரியராக இருப்பார் என்று 1984 ஆகஸ்ட் 27 அன்று அதிபர் ரொனால்ட் ரீகன் அறிவித்தார். அது தேர்தல் ஆண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சுமார் 11,000 ஆசிரியர்கள் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 114 பேரும் பின்னர் 10 பேரும் தேறினார்கள். 1985 ஜூலை 19 அன்று வெள்ளை மாளிகையில் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த பெயர் கிறிஸ்டா மெக்காலிஃப். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பறப்பதற்கென்று ஐடஹோ மாநிலம் மெக்கால் ஊரின் தொடக்கப்பள்ளி ஆசிரியை பார்பரா மார்கனும் தேர்வானார்.

மெக்காலிஃப் அறிவியல் ஆசிரியர் அல்லர் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் கான்கார்ட் உயர்நிலைப்பள்ளியில் சமூகப் பாடங்கள் நடத்தியவர். அமெரிக்கப் பெண்களின் வரலாற்றுக்கென்று தனிப் பாடத்திட்டமே வகுத்தவர். மேற்கு நோக்கிக் கூண்டு வண்டிகளில் குடியேறிய பெண்கள் எழுதிய நாட்குறிப்புகளைப் போல ஒரு விண்வெளி நாட்குறிப்பு எழுதுவேன் என்பதுதான் விண்ணப்பத்தில் அவர் சொன்ன திட்டம். பேராசிரியர்களையும் பொறியாளர்களையும் விட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தது விளம்பரத்துக்காக என்று குறைசொல்ல இடமுண்டு. ஆனால் வகுப்பறையில் பேசத் தெரிந்தவரைத் தேடியவர்களுக்குப் பேசத் தெரிந்தவரே கிடைத்தார்.

அவர் நேரலையில் நடத்தவிருந்தவை இரண்டு பாடங்கள். ஒன்று விண்ணோடத்துக்குள் மாணவர்களைச் சுற்றிக் காட்டும் கல்விச் சுற்றுலா. மற்றொன்று விண்வெளிக்கு ஏன் போகிறோம் என்பது பற்றியது. இவற்றோடு, படம்பிடித்துப் பின்னர் பள்ளிகளுக்கு அனுப்பவேண்டிய செய்முறைகளும் ஆறு இருந்தன: காந்தம், நியூட்டனின் விதிகள், எளிய இயந்திரங்கள், மண்ணில்லாமல் செடி வளர்த்தல், மை நிறம் பிரிதல், மாத்திரை நுரைத்தல். கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். இங்கே ஒரு தம்ளர் தண்ணீரில் நுரைக்கும் மாத்திரையைப் போட்டால் குமிழிகள் மேலே ஏறி உடைகின்றன. எடையின்மையில் 'மேலே' என்று ஒரு திசையே கிடையாது. குமிழிகள் எங்கும் போகாமல் தண்ணீருக்குள்ளேயே தங்க, மிதக்கும் நீர்உருண்டை உள்ளிருந்தே உப்பத் தொடங்கும். கரும்பலகையில் ஒரு வாரம் விளக்கினாலும் ஏறாத மிதப்புவிசை, அரை நிமிடத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

1986 ஜனவரி 28, காலை 11:38. ஃப்ளோரிடாவில் முந்தைய இரவு உறைபனி. ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியது. புறப்பட்ட 73ஆம் வினாடியில் சேலஞ்சர் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். ஆசிரியர் பறக்கிறார் என்பதாலேயே பல பள்ளிகளில் பாடத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். வலப்பக்கத் திண்ம எரிபொருள் உந்துகலத்தின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவை வெளியே விட்டதுதான் காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், பிப்ரவரி 11 அன்று கேமராக்களுக்கு முன்னால் அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியால் இறுக்கி, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் முக்கி எடுத்தார். கவ்வியைத் தளர்த்தியும் ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. ஒரு கோப்பை ஐஸ் தண்ணீரில் முடிந்த அந்தச் செய்முறை இன்றும் வகுப்புகளில் செய்து காட்டப்படுகிறது.

விண்ணோடங்கள் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் தரையில் நின்றன. அதனால் தவித்தவற்றுள் தக்காளி விதைகளும் உண்டு. 1984 ஏப்ரலில் சேலஞ்சரே கொண்டுபோய் விட்ட ஒரு செயற்கைக்கோளில் சுமார் ஒன்றேகால் கோடி விதைகள் இருந்தன. ஓராண்டில் திரும்பவேண்டியவை, 1990 ஜனவரியில்தான் கொலம்பியா விண்ணோடத்தால் மீட்கப்பட்டன. பூமியிலேயே இருந்த விதைகளோடு அவற்றையும் பொட்டலம் கட்டிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். மாணவர்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து ஒப்பிட்டார்கள். அந்தத் தக்காளி நஞ்சாக இருக்கலாம் என்று ஒரு பரபரப்புச் செய்தியும் கிளம்பியது. செடிகள் வழக்கம்போல வளர்ந்து காய்த்தன.

இறந்தவர்களின் குடும்பத்தார் 1986லேயே சேலஞ்சர் மையம் என்ற கல்வி அமைப்பை நிறுவினர். முதல் கற்றல் மையம் 1988 இல் ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் திறந்தது. அங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் கட்டுப்பாட்டு அறையில், பாதிப் பேர் விண்கலம்போல அமைத்த அறையில். இரு தரப்பும் பேசிக்கொண்டு ஒரு பயணத்தை நடத்தி முடிக்க வேண்டும். சிலை வைப்பதைவிட இது நல்ல நினைவுச்சின்னம்.

பார்பரா மார்கன் ஐடஹோ திரும்பி மறுபடியும் பாடம் நடத்தப் போனார். 1998 இல் நாசா அவரை முழுநேர விண்வெளி வீராங்கனையாகச் சேர்த்துக்கொண்டது. 2003 இல் கொலம்பியா விபத்து மீண்டும் குறுக்கிட்டது. 2007 ஆகஸ்ட் 8 அன்று எண்டெவர் விண்ணோடத்தில் புறப்பட்டபோது அவருக்கு வயது 55. தேர்வாகி 22 ஆண்டுகள் கடந்திருந்தன. மேலே உடற்பயிற்சி செய்வீர்களா என்று ஐடஹோ பிள்ளைகள் கேட்டதற்கு, சக வீரர்கள் இருவரைக் கைக்கு ஒருவராகத் தூக்கிக் காட்டினார். கூடவே கொண்டுபோன ஒரு கோடி துளசி வகை விதைகள் பின்னர் பள்ளிகளுக்குப் போயின.

ஆசிரியரை விருந்தாளியாக ஏற்றும் பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, ஆசிரியரையே விண்வெளி வீரராக்கும் முறை இப்படி வந்தது. 2004 இல் ஜோ அகாபா, ரிக்கி ஆர்னால்ட், டோரத்தி மெட்காஃப்-லிண்டன்பர்கர் மூவரும் தேர்வானார்கள். விண்வெளியில் கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள் என்று மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தேடி நாசா இணையதளத்துக்குப் போன டோரத்தி, ஆசிரியர்கள் தேவை என்ற அறிவிப்பை அங்கே கண்டார். 2010 இல் டிஸ்கவரியில் பறந்தார்.

விண்வெளியிலிருந்து பாடம் நடத்தியவர்கள் அமெரிக்கர்கள் மட்டுமல்லர். 2013 ஜூன் 20 அன்று சீன விண்வெளி வீராங்கனை வாங் யாபிங் தியாங்கோங்-1 கலத்திலிருந்து நீர்த்துளிகளையும் சுழலிகளையும் வைத்து நேரலை வகுப்பு எடுத்தார்.

2017 செப்டம்பரில் அகாபா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவர் திரும்பிய அடுத்த மாதமே, 2018 மார்ச்சில், ஆர்னால்ட் போய்ச் சேர்ந்தார். மொராக்கோ, சவூதி அரேபியா, இந்தோனேசியா, ருமேனியா என்று பல நாடுகளில் பாடம் நடத்தியவர் ஆர்னால்ட். மெக்காலிஃபின் திட்டத்திலிருந்து நுரைத்தல், மை பிரிதல், நீர்மங்களின் இயல்பு, நியூட்டனின் விதிகள் ஆகியவற்றை இருவரும் படமாக்கினார்கள். மெக்காலிஃப் எண்ணியிருந்த பொருட்கள் எல்லாம் நிலையத்தில் இல்லாததால் கிடைத்ததை வைத்துச் சிலவற்றை மாற்றிச் செய்ய நேர்ந்தது. சேலஞ்சர் மையம் அந்தப் படங்களைப் பாடக்குறிப்புகளோடு பள்ளிகளுக்கு வெளியிட்டது.