வெற்றியாளர் இல்லாத நாளின் பரிசு

சாலை சைக்கிள் பந்தயத்தில் வீரர் ஒருவர் உயிரிழந்தால், மறுநாள் ஓட்டத்தைப் போட்டியில்லாமல் சேர்ந்து ஓட்டி முடிப்பதும், அன்றைய பரிசுப் பணத்தை இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பதும் ஐரோப்பாவில் ஊன்றிவிட்ட வழக்கம். இதற்கு எழுதிய விதி கிடையாது. வீரர்கள் காலையில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், பந்தய அமைப்பாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். குடும்பத்துக்காக நிதி திரட்டுவதும், இறந்தவர் பெயரில் அறக்கட்டளை தொடங்குவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தப் பந்தயங்களில் சாவு புதிதல்ல. 1935-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கலிபியே மலை இறக்கத்தில் விழுந்த ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ செபேடா சில நாட்களில் இறந்தார். இத்தாலியின் இரு பெரும் வீரர்களான ஜீனோ பார்த்தாலியும் ஃபவுஸ்தோ கோப்பியும் ஆளுக்கொரு தம்பியைப் பந்தயச் சாலையில் பறிகொடுத்தவர்கள். ஜூலியோ பார்த்தாலி இறந்தது 1936-ல், செர்ஸே கோப்பி இறந்தது 1951-ல். அக்காலத்தில் இத்தகைய குடும்பங்களுக்கு உதவி பெரும்பாலும் உறவினரிடமிருந்தும் ஊராரிடமிருந்தும்தான் வந்திருக்கும்.

பொதுமக்களிடம் சந்தா திரட்டும் பழக்கம் சைக்கிள் உலகில் முன்பே இருந்தது, ஆனால் அது முதலில் கல்லுக்குத்தான் போனது. முதல் உலகப்போரில் மாண்ட சைக்கிள் ஓட்டிகளின் நினைவாக இங்கிலாந்தின் மெரிடன் கிராமத்தில் 1921-ல் ஒரு நினைவுத்தூண் எழுந்தது. 1967-ல் டாம் சிம்ப்சன் இறந்தபோதும் கதை ஏறக்குறைய அதேதான். பிரிட்டனின் முதல் தொழில்முறைச் சாலைப் பந்தய உலகச் சாம்பியனான அவர், அவ்வாண்டு ஜூலை 13-ஆம் தேதி மோன் வான்தூ மலையேற்றத்தில் கடும் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்ஃபெடமின் ஊக்கமருந்து இருந்தது பிறகு தெரியவந்தது. மறுநாள் மற்ற வீரர்கள் வழிவிட, பிரிட்டிஷ் அணியின் பாரி ஹோபன் முதலில் கோட்டைக் கடந்தார். ஒரு வாரத்தில் 'சைக்கிளிங்' வார இதழ் வாசகர்களிடம் நிதி திரட்டத் தொடங்கியது. சேர்ந்த தொகை சுமார் 1,500 பவுண்டு. அதில் மலையுச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே கருங்கல் நினைவுச்சின்னம் அமைந்தது. 1968-ல் சிம்ப்சனின் மனைவி அதைத் திறந்துவைத்தார்.

வாசகர்களின் அன்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற ஒரு வீட்டை நினைக்கும்போது, அந்த வரிசை கொஞ்சம் தலைகீழாகவே படுகிறது. அக்காலச் சைக்கிள் வீரரின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். அணி தரும் சம்பளம் சொற்பம். டூர் முடிந்த கையோடு பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் ஊர் ஊராக நடக்கும் சிறு சுற்றுப் பந்தயங்களில் தலைகாட்டுவதற்குத் தரும் தொகைதான் பெரிய வரவு. ஜூலை நடுவில் இறந்துபோனவருக்கு அந்த ஆண்டின் அறுவடையே இல்லாமல் போய்விடும்.

இந்த வரிசையை மாற்றிய சாவு 1995-ல் நேர்ந்தது. ஃபாபியோ காசார்தெல்லி வட இத்தாலியின் கோமோவில் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றவர். மோட்டரோலா அணிக்காக டூர் ஓட்டிக்கொண்டிருந்தார். வயது 24. வீட்டில் மனைவியும் பிறந்து சில மாதங்களே ஆன மகனும் இருந்தார்கள். ஜூலை 18 அன்று பிரனீஸ் மலைத்தொடரில், போர்த்தே தஸ்பே கணவாயின் இறக்கத்தில் சில வீரர்கள் ஒன்றாகச் சரிந்தார்கள். காசார்தெல்லியின் தலை சாலையோரக் கான்கிரீட் கட்டையில் மோதியது. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, அன்று அது கட்டாயமும் இல்லை. அன்றைய ஓட்டம் நிற்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அதை வென்று முடித்தார்.

மறுநாள் தார்ப் நகரிலிருந்து போ நகரம் வரை ஓட்டம். யாரும் முந்தவில்லை, மலையுச்சிகளில் புள்ளிகளுக்காக யாரும் பாயவில்லை. மோட்டரோலா அணியின் காரின் மேல் காசார்தெல்லியின் சைக்கிள், கறுப்பு நாடா கட்டியபடி வந்தது. மணிக்கணக்கில் மெதுவாக உருண்டு போ நகரை அடைந்ததும் மொத்தக் கூட்டமும் பின்தங்கிக்கொள்ள, மோட்டரோலா வீரர்கள் மட்டும் முன்னால் சென்று கோட்டைக் கடந்தார்கள். அன்றைய நேரக்கணக்கு பந்தயத்தில் சேர்க்கப்படவில்லை. பரிசுப் பணம் காசார்தெல்லியின் குடும்பத்துக்குப் போனது.

இந்தப் பணத்தின் தன்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சைக்கிள் பந்தயத்தில் பரிசுப் பணம் வென்றவரின் பைக்குள் நேரே போவதில்லை. அணி முழுவதும் வெல்வது பொதுக்கணக்கில் சேரும். காற்றை மறைத்துக்கொடுத்த சக வீரர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், பல அணிகளில் சைக்கிள் பழுதுபார்ப்பவர், உடம்பு பிடித்துவிடுபவர் வரை அதில் பங்கு உண்டு. ஆகவே அன்றைய தொகையை விட்டுக்கொடுத்தது நட்சத்திர வீரர்கள் மட்டுமல்ல, கடைநிலை ஊழியருக்கு வரவேண்டிய பங்கும் அதில் அடங்கியிருந்தது. ஒரு குடும்பத்தை ஆயுள் முழுக்கத் தாங்கும் தொகையல்ல அது. வென்றவர் என்று எவருமில்லாத நாளில், எவரும் தம் பங்கைக் கேட்காத பணம் என்பதே அதன் மதிப்பு.

கல்லும் விட்டுப்போகவில்லை. விபத்து நடந்த இடத்தில் டூர் அமைப்பும் மோட்டரோலா அணியும் சேர்ந்து வெண்பளிங்கு நினைவுச்சின்னம் வைத்தன. அது ஒரு சூரியக் கடிகாரமும்கூட. பிறந்த நாள், ஒலிம்பிக் தங்கம் வென்ற நாள், இறந்த நாள் ஆகிய மூன்றையும் நிழல் தொட்டுக்காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். நொறுங்கிய சைக்கிள் கோமோ ஏரிக்கு மேலேயுள்ள மதோன்னா தெல் கிசாலோ தேவாலயத்துக்குப் போனது. அந்த மாதாவை 1949-ல் பன்னிரண்டாம் பயஸ் போப் சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாவலராக அறிவித்திருந்தார். வீரர்களின் சைக்கிள்களும் சட்டைகளும் சுவர் நிறையத் தொங்கும் சிறு கோயில் அது. காசார்தெல்லி பெயரில் அவருடைய ஊரில் அறக்கட்டளை உருவானது. அது பொதுமக்கள் கலந்துகொள்ளும் சைக்கிள் ஓட்டங்களை நடத்தி அவர் நினைவைப் பேணிவருகிறது.

அடுத்த பெரிய மாற்றம் நிதியில் அல்ல, விதியில் வந்தது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசக் வீரர் ஆந்திரே கிவிலேவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். மறுநாள் ஓட்டம் போட்டியின்றி நடந்தது. 1991-ல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்று வீரர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியிருந்த சர்வதேச சைக்கிள் சங்கம், இம்முறை இரண்டே மாதத்தில் அதை விதியாக்கியது. இதற்கிடையே 1999-ல் தொழில்முறை வீரர்களுக்கென்று சர்வதேச சங்கம் ஒன்று அமைந்திருந்தது. அணிகளோடு அது செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச ஊதியத்தோடு காப்பீடும் இடம்பெற்றது. குடும்பத்தின் பாதுகாப்பு மற்றவர்களின் இரக்கத்திலிருந்து வேலை ஒப்பந்தத்துக்கு நகரத் தொடங்கியது இங்கேதான். எனினும் அது மேல்தட்டு ஆண்கள் அணிகளோடு நின்றது. உயர்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2020-ல்தான் வந்தது.

பெண்கள் பக்கத்து நிலைமையை உலகுக்குக் காட்டியது 2005 ஜூலை 18. ஜெர்மனியில் பந்தயப் பாதையில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆஸ்திரேலியப் பெண்கள் அணிமீது எதிரே வந்த கார் பாய்ந்தது. ஏமி ஜில்லெட் அங்கேயே இறந்தார், உடன் வந்த ஐந்து பேர் படுகாயமடைந்தார்கள். துடுப்புப் படகில் ஒலிம்பிக் வரை போய்ப் பிறகு சைக்கிளுக்கு வந்தவர் ஏமி. அவர் பெயரால் எழுந்த அறக்கட்டளை இளம் வீராங்கனைகளுக்கு உதவித்தொகை தந்தது. அதைவிடப் பெரிதாக வளர்ந்தது அதன் சாலைப் பாதுகாப்பு வேலை. சைக்கிளைக் கடக்கும் வாகனம் ஒரு மீட்டராவது விலகிப் போக வேண்டும் என்று அது தொடர்ந்து வாதாடியது. 2014-ல் குவீன்ஸ்லாந்து மாநிலம் அதைச் சோதனை விதியாக நடைமுறைப்படுத்தியது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலைகளில் இடைவெளி ஒன்றரை மீட்டர்.

குடும்பத்துக்கான நேரடி உதவி 2011-ல் மீண்டும் முன்னுக்கு வந்தது. மே 9 அன்று ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தின் மூன்றாம் நாளில், பாஸோ தெல் போக்கோ இறக்கத்தில் பெல்ஜிய வீரர் வூட்டர் வெய்லாண்ட் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 26. முந்தைய ஆண்டு அதே ஜீரோவின் மூன்றாம் நாள் ஓட்டத்தை வென்றவர் அவர். அவருடைய துணைவி அப்போது கருவுற்றிருந்தார். மறுநாள் லிவோர்னோவை நோக்கிய ஓட்டத்தில் ஒவ்வொரு அணியும் பத்துப் பத்து நிமிடம் முன்னால் நின்று இழுத்தது. கடைசியில் அவருடைய லெப்பர்ட் டிரெக் அணியினரும், வேற்றணியில் இருந்த நெருங்கிய நண்பர் டைலர் ஃபாராரும் தோளில் கைபோட்டபடி கோட்டைக் கடந்தார்கள். பரிசுப் பணம் குடும்பத்துக்குப் போனது. அணி குடும்பத்துக்கென நிதியும் திரட்டியது. அவர் அணிந்திருந்த 108 என்ற எண்ணை ஜீரோ அதன்பின் யாருக்கும் தருவதில்லை.

பயிற்சியில் நேரும் சாவுக்கு மறுநாள் ஓட்டமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. 2017 ஏப்ரல் 22 காலையில் இத்தாலிய வீரர் மிக்கேலே ஸ்கார்போனி சொந்த ஊரான ஃபிலோத்ரானோவில் பயிற்சிக்குக் கிளம்பியபோது சாலைச் சந்திப்பில் வேன் மோதி இறந்தார். வயது 37, இரட்டைப் பிள்ளைகளின் தந்தை. அவர் சகோதரர் முன்னின்று தொடங்கிய அறக்கட்டளை பள்ளிகளிலும் நகராட்சிகளிலும் சாலைப் பாதுகாப்புக்காக வேலை செய்கிறது. ஊருக்குள் வாகன வேகத்தைக் குறைக்கச் சொல்வது அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. பெயரறியாத சைக்கிள்காரரின் குடும்பத்துக்கும் இதே இழப்புதான். ஆனால் அவருக்காக எந்தக் கூட்டமும் மெதுவாக ஓட்டாது. அத்தகையோருக்காக உழைக்கும் அமைப்புகளில் ஒன்று, பிரிட்டனில் 1992-ல் உருவான ரோட்பீஸ். அது தொடங்கிய நினைவு நாளை 2005-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, நவம்பர் மூன்றாம் ஞாயிறைச் சாலை விபத்தில் பாதிக்கப்பட்டோரின் உலக நினைவு நாளாக அறிவித்தது.

2023 ஜூன் 15-ல் சுவிஸ் சுற்றுப் பந்தயத்தின் ஆல்புலா கணவாய் இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்த ஜீனோ மேடர் மறுநாள் இறந்தார். அன்று வீரர்கள் பந்தயமின்றிச் சிறிது தூரம் ஓட்டி அஞ்சலி செலுத்தினார்கள். மேடருக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. 2021 ஸ்பெயின் சுற்றில் ஒவ்வொரு நாளும் தன்னால் முந்தப்பட்ட ஒவ்வொரு வீரருக்கும் ஒரு யூரோவும், இறுதிப் பட்டியலில் தனக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் 10 யூரோவும் சுற்றுச்சூழல் பணிக்குத் தருவதாக அறிவித்து, ஐந்தாம் இடத்தில் முடித்து, சொன்னபடி கொடுத்தார். அவர் இறந்தபின் அவர் பெயரில் திரட்டப்பட்ட நிதியும், அவர் ஆதரித்துவந்த பணிகளுக்கே அளிக்கப்படுகிறது.