காற்றுக்குக் காத்திருந்தோர் சமையல்

ஒரு நகரின் வரலாற்றை அறிய விழைவோர் அருங்காட்சியகத்திற்குச் செல்வர். கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் தேடுவர். எனக்கு அவற்றுக்கெல்லாம் பொழுதில்லை. கையிலிருந்தது ஒன்பது மணி நேரம். கூடவே நல்ல பசி.

பெர்த் நகரில் வாழும் தங்கையைக் காண நானும் என் மனைவியும் தில்லியிலிருந்து புறப்பட்டோம். சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். காலை ஆறு மணிக்கு இறங்கினோம். அடுத்த விமானம் பிற்பகலில்தான். நகருக்குள் சென்றுவர அனுமதி கிடைத்தது. நடுவண் அரசின் எழுத்தன் ஒருவன் நாற்பத்தாறாம் வயதில் முதன்முறையாகக் கடல் கடக்கிறான். அவனை விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்திரு என்றால் உட்காருவானா? இரயிலேறித் தேக்காவுக்குச் சென்றோம்.

தேக்கா என்னும் பெயர் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. சிறு மூங்கிற்புதரின் அடி என்று பொருள்படும். அங்கே முன்பிருந்த பழைய சந்தைக்கு மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்று பெயர். அவ்வெருமைகளை மேய்த்தோரிலும் பால் கறந்தோரிலும் தமிழர் பலர். 1982-இல் கட்டி முடிக்கப்பட்ட இப்போதைய அங்காடியின் ஒரு பக்கம் மீனும் காய்கறியும் விற்கிறார்கள். மறுபக்கம் வரிசை வரிசையாக உணவுக் கடைகள். ஒரு கடையில் புராட்டா வீசுகிறார்கள், அடுத்த கடையில் கோழிச்சோறு, அதற்கடுத்து இட்டலி. எதை உண்பது என்று திகைத்து நின்றபோது, வாணலியின் பின்னாலிருந்து ஒரு முதியவர் கேட்டார்: “தம்பி, மீயா, ரோஜாக்கா?”

இரண்டும் வாங்கினோம். ஈண்டு அவற்றைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

மீ என்பது சீனர் சொல்; கோதுமை மாவில் செய்த மஞ்சள் நூலுணவு. கோரெங் என்பது மலாய்ச் சொல். வறுத்தல் என்று பொருள். பெயரில் தமிழ் ஓரெழுத்தும் இல்லை. ஆனால் அந்த வாணலியில் மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் இட்டு அதைச் செந்நிறமாக்கியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். சீன நாட்டில் இவ்வுணவு இல்லை, தமிழகத்திலும் இல்லை. ரோஜாக் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கலவை என்று பொருள். மலாய்க்காரரும் சீனரும் காய்கனிகளை இறால் விழுதில் பிசைந்து உண்ணும் பண்டம் அது. நம்மவர் செய்யும் ‘இந்திய ரோஜாக்’ வேறு. தட்டில் அடுக்கியிருக்கும் வடை, மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை, சோயாக்கட்டி இவற்றில் வேண்டியதை நாமே பொறுக்கிக் கொடுக்க, அவர் சூடாக்கி நறுக்கித் தருவார். தொட்டுக்கொள்ளச் சருக்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் சேர்த்த இனிப்புக் காரக் குழம்பு. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து சென்றோர் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். எங்களுக்குப் பரிமாறிய பெரியவரின் பாட்டனாரும் கடையநல்லூர்க்காரரே.

இத்தகைய கலவை இங்கே விளைந்ததேன்? காற்றுதான் காரணம் என்பது என் கருத்து. பாய்மரக் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நம் கலங்களைக் கிழக்கே கொண்டு சேர்க்கும். திரும்பிவர வடகிழக்குக் காற்று எழ வேண்டும். சீனக் கலங்களுக்கு இது நேர்மாறு. ஆகவே மலாக்கா நீரிணையின் துறைமுகங்களில் இரு திசை வணிகரும் மாதக்கணக்கில் தங்கினர். எங்கள் ஒன்பது மணி நேரம் அவர்களுக்கு ஒரு பருவம். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரேசு என்னும் போர்த்துகீசிய மருந்தாளர், அங்கே எண்பத்துநான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். சுல்தான்கள் காலத்திலேயே அங்கு வணிகரை மேற்பார்க்கத் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். அவர்களில் ஒருவரது பொறுப்பில் நம் சோழமண்டலக் கரையினரும் அடங்குவர். தங்கியோரிற் சிலர் அங்கேயே மணம்புரிந்தனர். மலாக்காச் செட்டிகள் எனப்படும் அவர்தம் வழியினர் வீட்டில் பேசுவது மலாய், வழிபாடு சைவம், உலையில் இரண்டும் கலந்திருக்கும். நம் கப்பலும் கடையும் ஆப்பமும் மலாய் மொழியில் காப்பால், கெடாய், ஆப்பாம் என்று இன்றும் வழங்குகின்றன.

சுமாத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் கூறுகிறது; செலுத்த வேண்டிய பொன்னையும் கூறுகிறது. அக்குழுவினருக்குச் சோறாக்கியவன் யார் என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை. 1819-இல் இராஃபிள்சு சிங்கப்பூரில் இறங்கியபோது உடன்வந்த 120 இந்தியச் சிப்பாய்களுக்குப் பின்னே சலவைக்காரரும் பால்காரரும் தேநீர் காய்ச்சுவோரும் வந்தனர். அவர்களுடைய பெயர்களும் நமக்குக் கிட்டவில்லை. 1869-இல் சூயெசுக் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியபின் காற்றுக்குக் காத்திருக்கும் வழக்கம் ஒழிந்தது. வந்தவர்களோ, ஊதியத்துக்கும் ஊர் திரும்பும் நாளுக்கும் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் என் பாட்டியின் தமையனார். 1930-களின் இறுதியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். சிங்கப்பூரில் ஒரு தேநீர்க் கடையில் எடுபிடி வேலை. அவர் எழுதிய கடிதங்கள் சிலவற்றைப் பாட்டி தகரப்பெட்டியில் வைத்திருந்தார். ஒன்றில், நூல் போன்ற மாவுப் பண்டத்தை இங்கே வறுத்து உண்கிறார்கள் என்றும், முதலில் புழுவைப் போலத் தோன்றிக் குமட்டியது என்றும், இப்போது அதுவின்றி நாள் கழிவதில்லை என்றும் எழுதியிருந்தார். 1941 கார்த்திகையில் வந்ததே கடைசிக் கடிதம். 1942 பிப்பிரவரி 15 அன்று நகரம் சப்பானியர் கையில் வீழ்ந்தது. அரிசி அரிதாகி மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். சயாம் இரயில் பாதைக்கென மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை. அவர்களுள் இவரும் ஒருவரா, பசியில் மாண்டாரா, எங்கேனும் குடும்பத்தோடு வாழ்ந்து முடிந்தாரா என்று கடைசிவரை பாட்டிக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் திதி கொடுப்பதா வேண்டாவா என்று வீட்டில் வழக்காடியது எனக்கே நினைவிருக்கிறது.

பதிவேடுகளோடு இருபது ஆண்டு பழகியவன் ஆகையால் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “பாய், அக்காலத்துக் கடைக்காரர், வேலையாள் பெயரெல்லாம் எங்காவது பதிந்து வைத்திருப்பார்களா?” அவர் நகைத்தார். தெருவில் அடுப்பு வைத்துப் போலீசைக் கண்டால் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை யார் பதிவது?

உண்மைதான். நாடு முழுதும் கடைக்காரரை எண்ணிப் பதியும் பணி 1968, 69-இல்தான் நடந்தது. ஏறத்தாழ 18,000 தெருக்கடைக்காரர்களுக்குத் தற்காலிக உரிமம் வழங்கினர். 1971 முதல் 1986 வரை உணவங்காடிகளைக் கட்டி, குழாய்நீரும் சாக்கடையும் அமைத்து, அனைவரையும் கூரைக்குள் குடியேற்றினர். நம் நகரங்களில் தள்ளுவண்டியைக் கவிழ்ப்பதே ஒழுங்குபடுத்தல் என்று எண்ணும் அதிகாரிகள் இந்த ஒரு செயலையாவது படித்தறியலாம். இழப்பும் இல்லாமலில்லை, தெருவோரத்துக் கரியடுப்பின் மணம் போயிற்று என்று முதியோர் குறைப்படுவதுண்டு. ஆனால் தொழில் போகவில்லை. 2020-இல் யுனெசுகோ சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்தது; அடுப்பை ஏற்க ஆள் வேண்டுமே! கடைக்காரரிற் பலர் அறுபதைத் தொட்டவர் அல்லது கடந்தவர். பெரியவரின் மகன் கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கிறாராம். “அவன் வரமாட்டான் தம்பி. நான் வரச் சொல்லவும் மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நாற்பது வருசம் நின்ன கால் இது” என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார். குழம்பின் பக்குவத்தை யாருக்கேனும் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்று என் மனைவி கேட்டாள். அவர் விடை சொல்லவில்லை. தே தாரிக்கை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி எங்கள் முன் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார்.

புறப்படும்போது தங்கைக்காக ஒரு பொட்டலம் மீ கோரெங் வாங்கினோம். விமான நிலையத்தில்தான் ஆஸ்திரேலிய நாட்டுக்குள் இத்தகைய உணவைக் கொண்டுசெல்ல விடமாட்டார்கள் என்று தெரிந்தது. எறிய மனம் வரவில்லை. விமானத்துக்கு அழைக்கும்வரை வாயிலருகே அமர்ந்து, இலையைப் பிரிப்பதுபோல் தாளைப் பிரித்து இருவரும் உண்டோம். ஆறியிருந்தது, காரமும் சற்று அதிகந்தான். “மாமா எழுதினாரே, அது இதுதானா?” என்று அவள் கேட்டாள். இருக்கலாம் என்றேன்.