வார்த்தைக்குக் காசு

திருவிதாங்கூர் காலத்தில் நாஞ்சில் நாட்டுக் கடிதம் மகாராஜாவின் அஞ்சலில் போகும். தந்தி வெள்ளைக்காரன் கம்பியில் போகும். 1951-இல் அந்த அஞ்சலை இந்தியத் தபால் துறையோடு சேர்த்தார்கள். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து நான் தந்தி மேஜைக்கு வந்தேன்.

சவுண்டர் என்ற தந்திக் கருவியின் கை கீழே விழும்போது ஒரு தட்டு, எழும்போது ஒரு தட்டு. நடுவிலுள்ள நேரம் குறுகினால் புள்ளி, மூன்று மடங்கு நீண்டால் கோடு. காது பழகியவன் புள்ளியை எண்ணமாட்டான். முழு வார்த்தையாகவே கேட்டு எழுதுவான்.

மோர்ஸ் குறிகள் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதில் அதிகம் புழங்கும் 'ஈ'க்கு ஒரே புள்ளி, 'டி'க்கு ஒரே கோடு. நம் கன்னியாகுமரியை ஆங்கிலத்தில் பதினோரு எழுத்தாக எழுதினால் ஈயும் கிடையாது, டியும் கிடையாது. 28 குறிகள் தட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் சொல்லும் 'கேப்'புக்கு 11 போதும்.

ஆனால் சேதியைச் சுருக்கியது மோர்ஸ் அல்ல, கட்டணம். விலாசம் உட்பட வார்த்தை வார்த்தையாகக் காசு. கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மை வருவாள், மகன் கொச்சியில் விசைப்படகில். "மக்கா, அப்பனுக்கு ரொம்ப முடியல்ல. ஒம் பேரத்தான் சொல்லிட்டே கெடக்காருண்ணு எழுது" என்பாள். கையிலிருக்கும் சில்லறையைப் பார்த்துவிட்டு, படிவத்தில் நான் எழுதுவது: 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி'. விலாசம் போக நாலே வார்த்தை. அவள் ரேகை வைப்பாள்.

கல்யாணம் என்றால் அதுவும் வேண்டாம். வாழ்த்துகளுக்கு நம்பர் உண்டு. 8 என்று தட்டினால் போதும். நீண்ட, இனிய இல்லறத்துக்கான ஆங்கில வாழ்த்தை அந்தப் பக்கம் முழுசாக எழுதிக் கொடுப்பார்கள்.

டெலிபிரிண்டரும் கம்ப்யூட்டரும் வந்து மோர்ஸை ஓரங்கட்டின. 2013 ஜூலையில் தந்தியே நின்றது. அன்று பத்திரிகைகள் வேகத்தைப் பற்றியும் எழுதின. எனக்குப் பட்டது வேறு. தந்தி அனுப்பிய அந்த அம்மைக்கும் ஆங்கிலம் தெரியாது, அதைப் பெற்ற மகனுக்கும் தெரியாது. அங்கே யாராவது படித்துச் சொல்லும்போது அது மறுபடி தமிழாகும். நான் வெட்டிய "ஒம் பேரத்தான் சொல்லிட்டே கெடக்காரு" அதில் இருக்காது. அதை மகன் தானாகவே கேட்டுக்கொள்வான். இல்லாவிட்டால் அந்த நாலு வார்த்தைக்கு யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வரமாட்டார்கள்.