ஒரே கல்லா, மூவாயிரம் கல்லா? – பாரம் சுமந்த சாலைகளின் கதை



கூரம் என்றதும் பலருக்குக் கூரத்தாழ்வார் நினைவுக்கு வருவார். வரலாறு படிப்பவர்களுக்குக் கூரம் செப்பேடு நினைவுக்கு வரும். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்து (கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) செப்பேடு அது. அதில் சொல்லப்படும் சிவன் கோயில் இன்றும் சிதைந்த நிலையில் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லை அடுக்கிக் கட்டிய மிகப் பழைய கோயில்களில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். அதன் சுவர், பலகை மாதிரி வெட்டிய கருங்கற்களை நிறுத்தி எழுப்பியது. அதற்கு முன்னால் கல்லில் கோயில் என்றால், மலை எங்கே இருந்ததோ அங்கேயே குடைந்துதான் பெரும்பாலும் செய்தார்கள். கல்லைத் துண்டு போட்டு வண்டியில் ஏற்றி நமக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டு வரலாம் என்பது அந்தக் காலத்தில் ஒரு பெரிய மாற்றம்.

இந்தக் கட்டுரையில் நான் எழுதப் போவது கோயிலைப் பற்றி அல்ல, கல்லைக் கொண்டு போவதைப் பற்றி. நம் பக்கத்து மலைகளிலிருந்து கிளம்பிய இரண்டு பயணங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் வாங்க.

முதல் பயணம் கன்னியாகுமரிக்கு. திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி, எடை சுமார் 7000 டன். 1979-ல் அடிக்கல் நாட்டி, 1990-ல் வேலையைத் தொடங்கி, 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். இதற்கான கருங்கல்லில் பெரும்பகுதி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தது. சுமார் 2000 டன் உயர்தரக் கல் நம் உத்திரமேரூர் பக்கத்துச் சிறுதாமூரிலிருந்து போனது! 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஆனால் அதற்காக எந்த ஊரிலும் கடையை இடித்ததாக யாரும் சொல்லவில்லை. காரணம் எளிது. சிலை முழுவதும் 3681 கற்கள். சராசரி போட்டால் ஒரு கல் இரண்டு டன்கூட வராது. மிகப் பெரிய கற்களே 15 டன் அளவுதான். சாதாரண லாரியில் ஏற்றி, சாதாரண ரோட்டில் போய், கடைசியில் படகில் பாறைக்குக் கொண்டு போய் அடுக்கிவிட்டார்கள். 2004 டிசம்பர் சுனாமி அந்தப் பாறை மேலே மோதியபோதும் சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே துண்டு போட்ட கல் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது பயணம் பெங்களூருக்கு. வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டி எடுத்த ஒரே கல். பெங்களூர் ஈஜிபுராவில் உள்ள கோதண்டராமசாமி கோயில் அறக்கட்டளை நிறுவ நினைத்த 108 அடி விஸ்வரூப மகாவிஷ்ணு சிலைக்கான முக்கியப் பகுதி இது. முகமும் கைகளும் குவாரியிலேயே ஓரளவு செதுக்கப்பட்டிருந்தன. நீளம் 64 அடி, எடை சுமார் 350 டன். 2018 டிசம்பரில் 240 சக்கர டிரெய்லரில் கிளம்பியது. காரில் போனால் சில மணி நேர தூரம்தான். சிலை போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில்.

ஏன் இவ்வளவு நாள்? கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

350 டன்னை 240 சக்கரங்களுக்குப் பங்கு போட்டால் ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை டன். டிரெய்லரின் எடையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் 16 டன் ஏற்றிய ஆறு சக்கர லாரியிலேயே ஒரு சக்கரத்துக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வருகிறது. அதாவது ரோட்டுக்கு இந்த டிரெய்லர் பெரிய எதிரி இல்லை. ஒவ்வொரு ஆக்சிலும் ஹைட்ராலிக் முறையில் ஏறி இறங்குவதால், மேடு பள்ளத்திலும் எடை சமமாகப் பரவும். டயர்கள் மட்டும் வழியில் அடிக்கடி வெடித்தன.

உண்மையான பிரச்சினை மூன்று. ஒன்று, பாலம். ரோட்டுக்குச் சக்கரத்தின் எடைதான் கணக்கு. பாலத்துக்கோ இரண்டு தூண்களுக்கு நடுவே நிற்கும் மொத்த எடை கணக்கு. அதனால் பல இடங்களில் பாலத்தை விட்டு ஆற்றில் இறங்க வேண்டி வந்தது. ஓசூர் அருகே பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணையின் குறுக்கே போட்ட தற்காலிக மண் பாதையை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு, திருப்பம். 64 அடிக் கல் சின்ன ஊர்களின் தெருமுனையில் திரும்ப முடியாது. வழியில் சாலையோரக் கடைகளும் வீடுகளின் முன்பக்கமும் இடிக்கப்பட்டன. மூன்று, மலை ஏற்றம். வந்தவாசி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லாத சமவெளி. ஓசூரும் பெங்களூரும் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் 350 டன் கல் மட்டுமே பதினேழு டன் விசையோடு பின்னால் இழுக்கும். அதனால்தான் கிருஷ்ணகிரிக்கு மேலே ஒவ்வொரு மேடும் ஒரு போராட்டம்.

உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய கல் ஒன்று நகர்ந்திருக்கிறது. ரஷ்யாவில் பீட்டர் மன்னரின் வெண்கலச் சிலைக்குப் பீடமாக வைக்க, ராணி இரண்டாம் கேத்தரின் காலத்தில் சுமார் 1500 டன் பாறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இடிக்கல்' என்று அதற்குப் பெயர். சதுப்பு நிலத்தில் கிடந்த கல். கோடையில் இழுத்தால் புதைந்துவிடும். ஆகவே 1769-ல் பனிக்காலம் வரும்வரை காத்திருந்தார்கள். நிலம் உறைந்து இறுகியதும், பள்ளம் வைத்த தண்டவாளத்தில் வெண்கல உருண்டைகளைப் போட்டு, மாடு குதிரை இல்லாமல் சுமார் 400 ஆட்கள் சேர்ந்து உருட்டினார்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 150 மீட்டர். கடற்கரைவரை ஆறு கிலோமீட்டர் போகவே மாதக்கணக்கில் ஆனது. அவர்களுக்குக் குளிர்காலம் உதவியது. நமக்கு உறையும் நிலம் கிடையாது, மழைக்கும் மழைக்கும் நடுவே கிடைக்கும் காய்ந்த மாதங்கள்தான் உண்டு. அதைத் தாண்டி கோடை மழைவரை இழுத்தடித்ததால்தான் தென்பெண்ணையில் மண் பாதை போனது.

ஒரே கல் என்ற ஆசைக்கு இன்னும் பெரிய விலையும் கொடுத்திருக்கிறோம். ஹைதராபாத் உசேன் சாகர் ஏரியில் நிறுத்த 350 டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைக்கல் புத்தரைச் செதுக்கினார்கள். சாலைப் பயணம் நல்லபடியாக முடிந்தது. 1990 மார்ச்சில் ஏரியைக் கடக்கும்போது மிதவை கவிழ்ந்து சிலை மூழ்கியது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1992 டிசம்பரில்தான் சிலையை வெளியே எடுத்து நிறுத்த முடிந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் இருப்பதாக நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அது பல கற்களை இணைத்துச் செய்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் ராஜராஜனின் பெருமை குறைந்துவிடுமா என்ன? என் கணக்கில் கூடுகிறது. கல்லைக் கச்சிதமாகப் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரே கல் என்ற பிடிவாதம் தேவைப்படவில்லை.

பக்தியையோ ஸ்தபதிகளின் திறமையையோ நான் குறை சொல்லவில்லை. அந்த டிரெய்லரை மலை மேல் ஏற்றிய டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு பெரிய சல்யூட்! ஆனால் வரலாற்றை எழுதும்போது சிலையின் உயரத்தோடு, வழியில் இடிபட்ட கடைகளின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். சிலை போகும் வழியில் பிழைப்பு நடத்துபவரிடம் அதன் உயரத்தைப் பற்றி யாரும் கருத்துக் கேட்பதில்லை.

இன்றும் உத்திரமேரூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் டிப்பர் லாரிகளில் போய்க்கொண்டே இருக்கின்றன. 240 சக்கர வண்டி என்றால் ஊரே வேடிக்கை பார்க்கும், டி.வி.யில் வரும். டிப்பரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மேலே போட்ட சக்கரக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். நம் கிராமத்து ரோட்டை அதிகம் உடைப்பது எது?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் நண்பர்களே. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.